முக்கால் யூனிட் கரண்ட்

(தர்மபுரியில் ஹைபிரிட் கார் இன்ஜின் பற்றி ஆற்றிய சொற்பொழிவு)

 டாக்சி ஓட்டும் நண்பர்களே, ஸ்பானர் பிடித்த கையை அப்படியே துடைத்துக்கொண்டு வந்திருக்கும் மெக்கானிக் தம்பிகளே, பின்வரிசையைப் பிடித்துக்கொண்ட பாலிடெக்னிக் மாணவர்களே!

தகடூர் என்பது தர்மபுரியின் பழைய பெயர். இங்கே மேடை ஏறுகிறவர்கள் அதியமானையும் ஔவையாரையும் நெல்லிக்கனியையும் சொல்லித்தான் தொடங்குவார்கள். நான் இலக்கியம் படித்தவன் அல்ல. முப்பது வருஷம் ஆட்டோமொபைல் பாடம் சொல்லிக்கொடுத்தவன். எனக்குத் தகடூர் என்றால் தகடு. இன்றைக்குப் பேசப்போவதும் தகடுகளைப் பற்றித்தான். பேட்டரிக்குள் இருக்கிற தகடு. பேட்டரிகளை இணைக்கிற செப்புத் தகடு. இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே படுத்திருக்கிற கேஸ்கட் தகடு.

ஹைபிரிட் கார் இன்ஜின் என்றால் என்ன? அது எதனால் கெடுகிறது? இந்த இரண்டு கேள்விதான் இன்றைக்குத் தலைப்பு.

இதை எதற்குத் தர்மபுரியில் பேச வேண்டும் என்று கேட்பீர்கள். பக்கத்து மாவட்டத்தைப் பாருங்கள். ஓசூரில் ஏத்தர் ஸ்கூட்டர் செய்கிறார்கள், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா ஸ்கூட்டர் செய்கிறார்கள். பெங்களூரைத் தாண்டிப் பிடதிக்குப் போனால், டொயோட்டா ஹைரைடரும் மாருதி கிராண்ட் விட்டாராவும் ஒரே தொழிற்சாலையிலிருந்து வெளியே வருகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகள் பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அந்த வண்டியில்தான் வருகிறார்கள். வந்த வண்டி மக்கர் பண்ணினால் யாரிடம் போகும்? நல்லம்பள்ளியிலும் பாலக்கோட்டிலும் காரிமங்கலத்திலும் கடை வைத்திருக்கும் இந்தத் தம்பிகளிடம்தானே!

ஹைபிரிட் என்று சொன்னவுடன் என்னை எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. "சார், பேட்டரி போனா எவ்வளவு ஆகும்?" கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், டீக்கடையில் கேட்கிறார்கள், துக்க வீட்டில்கூடக் கேட்கிறார்கள். "சார், ரேடியேட்டர்ல என்ன தண்ணி ஊத்தணும்?" என்று இதுவரை ஒருவர் கேட்டதில்லை. நான் சொல்ல வந்தது முழுக்க இதுதான். பயப்பட வேண்டிய இடம் ஒன்று. நாம் பயந்துகொண்டிருக்கும் இடம் வேறு.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "என் வண்டியும் ஹைபிரிட்தான்" என்று பலர் சொல்வார்கள். பின்பக்கம் எழுதியும் இருக்கும். 2015இல் மாருதி சியாஸில் வந்த 'ஸ்மார்ட் ஹைபிரிட்' வகையில், ஆல்டர்னேட்டர் இருந்த இடத்தில் கொஞ்சம் கெட்டிக்கார மோட்டார் ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். சிக்னலில் இன்ஜின் அணையும், திரும்ப எழும், ஏற்றத்தில் லேசாக ஒரு கை கொடுக்கும், அவ்வளவுதான். அந்த மோட்டாரால் வண்டியைத் தனியாக ஓட்ட முடியாது. பொரியலில் பெருங்காயம் போட்டதற்காக அதைப் பெருங்காயப் பொரியல் என்று சொல்வோமா? நான் பேசப்போவது முழு ஹைபிரிட், 'ஸ்ட்ராங் ஹைபிரிட்' என்று விற்கிறார்களே, அதைப் பற்றி.

அதன் வரலாறு நீண்டது, நான் சுருக்கமாகவே சொல்கிறேன். 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் 2008இல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் வந்தது. 2010இல் பிரியஸ் வந்தது. 2013இல் கேம்ரி ஹைபிரிட் வந்தது. மூன்றும் பணக்காரர் வீட்டு வண்டிகள். நடுத்தரக் குடும்பத்துக்குப் பக்கத்தில் வந்தது 2022இல்தான். ஹோண்டா சிட்டி, ஹைரைடர், கிராண்ட் விட்டாரா என்று வரிசையாக வந்தன. அந்த வருஷக் கடைசியில் இன்னோவா ஹைகிராஸ் முகம் காட்டியது.

சரி, பானெட்டைத் திறப்போம். கிராண்ட் விட்டாராவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹைபிரிட் மாடலில் இருப்பது 1490 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். திறன் 92 பிஎஸ். டார்க், அதாவது முறுக்கு விசை, 122 நியூட்டன் மீட்டர். அதுவும் 4400 ஆர்பிஎம்முக்குப் போனால்தான் முழுசாகக் கிடைக்கும். கூடவே ஒரு மின் மோட்டார், 80 பிஎஸ், 141 நியூட்டன் மீட்டர். அது சக்கரம் உருளுமுன்பே முழு முறுக்கையும் கொடுத்துவிடும். இரண்டும் சேர்ந்து சுமார் 115 பிஎஸ்.

இங்கே மாணவர்கள் கை தூக்க வேண்டும். 92உம் 80உம் கூட்டினால் 172 அல்லவா வர வேண்டும்? மீதி 57 எங்கே போயிற்று?

எங்கேயும் போகவில்லை. மோட்டார் 80 இழுக்கும். ஆனால் அந்த 80ஐயும் ஊட்டுகிற அளவுக்குப் பேட்டரி பெரிதல்ல. பேட்டரி கொடுப்பது போக மீதியை இன்ஜின்தான் ஜெனரேட்டரைச் சுற்றிக் கரண்டாக்கித் தர வேண்டும். அப்படித் தருகிற பங்கு இன்ஜினுடைய 92க்குள்ளேயே அடக்கம். ஒரே சம்பளத்தை அப்பா கணக்கிலும் அம்மா கணக்கிலும் எழுதினால் வீட்டு வருமானம் இரட்டிப்பாகிவிடுமா?

அடுத்த கேள்வி. இதே காரின் சாதாரண மாடலில் 1462 சிசி இன்ஜின் 103 பிஎஸ் தருகிறது. அதைவிடப் பெரிய இன்ஜின் 92 தருகிறதே, மட்டமான இன்ஜினா? இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். நம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கரும்புச் சாறு பிழிகிறவரைப் பாருங்கள். ஒரு தடவை விட்டு எடுத்த கரும்பை எறிந்துவிடுகிறாரா? மடித்து, நடுவில் எலுமிச்சையும் இஞ்சியும் வைத்து, இரண்டாம் தடவை விடுகிறார். ஹைபிரிட் இன்ஜினும் அப்படித்தான். உள்ளே இழுத்த காற்றில் ஒரு பங்கை, வால்வை மூடத் தாமதித்து, வெளியே போக விட்டுவிடும். குறைந்த காற்று, குறைந்த பெட்ரோல். ஆனால் எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளுகிற தூரம் மட்டும் முழுத் தூரம். சக்கை வரைக்கும் பிழிந்துவிடும். இதன் மூல யோசனை ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயருடையது. 1882இல் காப்புரிமை வாங்கினார். அந்த யோசனைக்குக் குறை ஒன்று உண்டு: கிளம்பும்போது இழுவை போதாது. நூறு வருஷம் மூலையில் கிடந்ததை மின் மோட்டார் வந்து தூக்கி நிறுத்தியது. 2015இல் வந்த நான்காம் தலைமுறைப் பிரியஸில், எரிபொருளின் வெப்பத்தில் 40 சதவீதம் வேலையாக மாறுகிறது என்று டொயோட்டா அறிவித்தது. பெட்ரோல் இன்ஜினுக்கு அது பெரிய சாதனை.

இந்த வண்டியில் ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. ஆல்டர்னேட்டர் கிடையாது. கிளட்ச் பிளேட் கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மாறுகிற கியர்கள் கிடையாது. ஒரே ஒரு கிரகப் பல்சக்கரத் தொகுதி, இழுக்க ஒன்று, ஜெனரேட்டராக ஒன்று என்று இரண்டு மோட்டார்கள், ஒரு இன்ஜின். மெக்கானிக் தம்பிகளே, உங்கள் கடைக்கு வருகிற வேலையில் எத்தனை பங்கு கிளட்ச், எத்தனை பங்கு ஸ்டார்ட்டர் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். இல்லாத பொருள் எப்படிக் கெடும்?

இப்போது பேட்டரிக்கு வருவோம். எல்லோரும் அதற்குத்தானே காத்திருக்கிறீர்கள்!

கிராண்ட் விட்டாராவில் இருக்கும் லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு 0.76 கிலோவாட் மணி. கரண்டு பில் மொழியில் சொன்னால் முக்கால் யூனிட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை முக்கால் மணி நேரம் போட்டால் தீர்ந்துபோகிற கரண்ட். இதற்காகவா இவ்வளவு பயம்? இந்தப் பேட்டரி குடம் குடமாகச் சேர்த்து வைக்கிற தொட்டி அல்ல. மொண்டு மொண்டு ஊற்றுகிற சொம்பு. பிரேக் பிடிக்கும்போது நிரம்பும், கிளம்பும்போது காலியாகும். முழுக்க நிரம்பவும் விடாமல், முழுக்கக் காலியாகவும் விடாமல், கம்ப்யூட்டர் அதை நடுவிலேயே வைத்திருக்கும். அதனால்தான் அது நீண்ட நாள் உழைக்கிறது. கம்பெனிகளும் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று உத்தரவாதம் எழுதிக் கொடுக்கின்றன.

கம்பெனி சொல்வதை நம்ப மாட்டேன் என்கிறீர்களா? நியாயம். அமெரிக்காவில் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்று ஒரு நுகர்வோர் பத்திரிகை. கம்பெனி விளம்பரம் வாங்காத பத்திரிகை. 2011இல் அவர்கள் 2002ஆம் வருஷத்துப் பிரியஸ் ஒன்றைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். மூன்றே கால் லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டி, பழைய பேட்டரியோடேயே. லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்தது. பத்து வருஷத்துக்கு முன் அதே மாதிரிப் புது வண்டியைச் சோதித்தபோதும் ஏறக்குறைய அதே 17தான். கிழவனுக்கும் குமரனுக்கும் ஒரே ஓட்டம்!

அப்படியானால் பேட்டரி கெடவே கெடாதா? கெடும். எப்படிக் கெடுகிறது என்பதைச் சொல்கிறேன், கேளுங்கள். பழைய இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் 28 சிறு பேட்டரிகள் வரிசையாகக் கோத்திருக்கும். ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 201.6 வோல்ட். கட்டிட வேலையில் சாந்துச் சட்டியைக் கை மாற்றி மேலே ஏற்றுவார்களே, நம்மூர் ஆட்களுக்குத் தெரியாததா? வரிசையில் 28 பேர். ஒருவருக்கு மட்டும் கை வலி. என்ன ஆகும்? 27 பேர் நன்றாக இருந்தும் சட்டி அந்த ஒருவரிடம் நின்றுவிடும். ஒரு சிறு பேட்டரி சோர்ந்தால் மொத்த வண்டியும் சோர்ந்துவிடுவது இப்படித்தான்.

ஸ்கேனரை மாட்டினால் 'பி0ஏ80' என்று ஒரு கோடு வரும். பேட்டரித் தொகுதியை மாற்று என்பது அதன் பொருள். அங்கேதான் தம்பிகள் அவசரப்படக் கூடாது. பேட்டரிகளை இணைக்கிற செப்புத் தகட்டில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தாலும் வோல்ட்டேஜ் கணக்குக் குழம்பி, கோடு விழும். பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் துலக்கத் தெரிந்த ஊர் இது. புளிக்கு நமக்குப் பஞ்சமா? (பேட்டரித் தகட்டை யாரும் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். வேடிக்கைக்குச் சொன்னேன்.) பயிற்சி பெற்றவர் கழற்றிச் சுத்தம் செய்தாலோ தகட்டை மட்டும் மாற்றினாலோ சரியாகக்கூடிய வண்டிக்கு, முழுப் பேட்டரி தலையில் கட்டப்படுவதுண்டு.

இந்த வித்தையை இலங்கையில் கற்றுக்கொள்ளலாம். நமக்கு முன்பே அங்கே பிரியஸும் அக்குவாவும் ஹோண்டா ஃபிட்டும் தெருவெல்லாம் ஓடின. 2020 மார்ச்சில் அந்த நாட்டு அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 வரை கதவு திறக்கவில்லை. புது வண்டி வராதபோது என்ன செய்வார்கள்? இருக்கிற வண்டியைப் பிழைக்க வைத்துத்தானே தீர வேண்டும்! யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஹைபிரிட் 'பற்றரி'யைப் பிரித்து, சோர்ந்த துண்டை மட்டும் மாற்றுவது ஒரு தொழிலாகவே நடக்கிறது. ஒன்றை மாற்றினால் மற்ற 27க்கும் அதே வயசு என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

பயப்பட வேண்டாத இடத்தைச் சொல்லிவிட்டேன். இனிப் பயப்பட வேண்டிய இடங்கள்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். என் வண்டியின் பெயரைச் சொல்ல மாட்டேன். மகள் பிரசவத்துக்காகப் பெங்களூர் போய் மூன்று வாரம் தங்கிவிட்டோம். வண்டி ஊரில், புளிய மரத்தடியில். திரும்பி வந்து ரிமோட்டை அமுக்கினால் கதவு திறக்கவில்லை. சாவிக்குள் ஒளிந்திருக்கிற சின்னச் சாவியை எடுத்துத் திறந்தேன். பட்டனை அழுத்தினேன். மூச்சே இல்லை. பக்கத்துக் கடையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். டேஷ்போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பெரிய பேட்டரி போயிடுச்சு சார். லட்சத்துல செலவு இருக்கு" என்றார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு எந்த ஸ்கேனரிலும் கோடு கிடையாது.

போனது பெரிய பேட்டரி அல்ல. ஹைபிரிட் காரிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரை எழுப்புவது அதன் வேலை. பெரிய பேட்டரிக்கு வாசலில் ரிலே என்று கதவுகள் உண்டு. அந்தக் கதவைத் திறப்பதும் இந்த 12 வோல்ட்தான். வண்டி சும்மா நிற்கும்போது அலாரமும் ரிமோட் வாங்கியும் இதைச் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். மூன்று வாரத்தில் அது சோர்ந்தது. நெற்குதிர் நிறைய நெல் இருக்கிறது. குதிரின் சாவி தொலைந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்பர் ஒயர் கொடுத்தவுடன் 'ரெடி' விளக்கு எரிந்தது. வேலைக்கு வெளியூர் போகிறவர்கள் நிறைந்த மாவட்டம் இது. வண்டியை வாரக் கணக்கில் நிறுத்துகிறவர்கள், வீட்டில் இருப்பவரிடம் சொல்லி வாரம் ஒரு தடவை 'ரெடி'யில் அரை மணி நேரம் போட்டு வைக்கச் சொல்லுங்கள். நியூட்ரலில் போட வேண்டாம், பார்க்கிங்கில் போடுங்கள். நியூட்ரலில் வண்டி பேட்டரியைச் சார்ஜ் செய்யாது. நியூட்ரல் என்றதும் எனக்குத் தொப்பூர் நினைவு வருகிறது. அங்கே பிறகு வருகிறேன்.

இரண்டாவது, புழுதி. பெரிய பேட்டரி மூச்சு விடுகிற ஜீவன். பல வண்டிகளில் இருக்கைப் பக்கமாக ஒரு சின்னச் சல்லடை ஜன்னல் இருக்கும். வண்டிக்குள் இருக்கிற ஏசிக் காற்றை அதன் வழியே இழுத்துத்தான் பேட்டரி தன்னைக் குளிர்த்திக்கொள்கிறது. உள்ளே ஒரு சின்ன மின்விசிறி, ஒரு வடிகட்டி. பாலக்கோட்டு உறவுக்காரர் ஒருவர், பின் சீட்டை மடக்கிப் போட்டுத் தக்காளிக் கிரேடு அடுக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவார். அழுக்காகக் கூடாது என்று கீழே சாக்கு விரிப்பார். சாக்கு எதை மூடியது? அந்த ஜன்னலை. அதோடு, "ஏசி போட்டா மைலேஜ் குறையுது மாமா" என்று சித்திரை வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவார். வெளியே 40 டிகிரி. பேட்டரி எந்தக் காற்றைக் குடிக்கும்? டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வந்தபோது என்னிடம் கொண்டுவந்தார். வடிகட்டியைக் கழற்றினேன். கேழ்வரகு உமி, தலைமுடி, சாக்கு நார், செம்மண். ஒரு அடை தட்டலாம் போல இருந்தது. சுத்தம் செய்து மாட்டினோம். செலவு என்ன? ஒரு பிரஷ், கால் மணி நேரம்.

மூன்றாவதுதான் முக்கியமானது. தண்ணீர். இந்த ஊரில் தண்ணீர் என்று சொன்னால் போதும், யாருக்கும் விளக்கம் வேண்டாம். நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்ன செய்யும் என்று நம் பற்களே சாட்சி. ஃபுளோரைடு கறை படிந்த பற்களோடு இரண்டு தலைமுறை வளர்ந்தது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013இல் தொடங்கி வைத்தார்கள். நமக்குக் காவிரித் தண்ணீர் வந்துவிட்டது. நம் வண்டிகளுக்கு வந்ததா? இன்னும் ரேடியேட்டரில் போர் தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறதே, அதே படிவு இன்ஜினின் நரம்புகளிலும் படியும்.

சாதாரண வண்டியில் ஒரு தண்ணீர்ச் சுற்றுதான். ஹைபிரிடில் இரண்டு. ஒன்று இன்ஜினுக்கு, மற்றொன்று இன்வெர்ட்டருக்கு. பேட்டரியின் நேர் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ற மாறு மின்சாரமாக மாற்றுகிற பெட்டிதான் இன்வெர்ட்டர். கொதிக்கிற பெட்டி அது. அதற்குள் இருக்கிற டிரான்சிஸ்டர்கள் சூட்டில் செத்துப்போகும். 2014 பிப்ரவரியில் டொயோட்டா உலகம் முழுக்க 19 லட்சம் பிரியஸ்களைத் திரும்ப அழைத்தது. காரணம், இன்வெர்ட்டர் மென்பொருளில் குறை, டிரான்சிஸ்டர் சூடேறிக் கெடும் அபாயம். அதற்கு முன் 2012இல், இன்வெர்ட்டருக்குக் கூலன்ட் ஓட்டுகிற சின்ன மின்பம்புக்காக லட்சக் கணக்கான ஹைபிரிட்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இரண்டும் தொட்டது ஒரே இடம், இன்வெர்ட்டர். கம்பெனி செய்த தப்புக்குக் கம்பெனி பொறுப்பேற்றது. குறிப்பிட்ட கூலன்ட் இருக்க வேண்டிய இடத்தில் போர் தண்ணீரை ஊற்றினால் யார் பொறுப்பு?

இந்தச் சூட்டுக் கதையில் இன்ஜினுக்கும் ஒரு அத்தியாயம் உண்டு. 2009இலிருந்து 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸ், 1798 சிசி இன்ஜின். பெல்ட்டே இல்லாத இன்ஜின், தண்ணீர்ப் பம்பும் மின்சாரப் பம்பு. அருமையான இன்ஜின், ஆனால் ஒரு வியாதி. புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்ஜினுக்குள்ளேயே விடுகிற ஏற்பாடு ஒன்று உண்டு, ஈஜிஆர் என்பார்கள். புகை உள்ளே போகுமுன் அதைக் குளிர்விக்க ஒரு கூலர். விறகடுப்புப் புகைபோக்கியில் கரி அப்புவதுபோல இந்தக் கூலரில் கரி அப்பும். ஹைபிரிட் இன்ஜின் அடிக்கடி அணைந்து அடிக்கடி எழுவது. கரி அப்பத் தோதான பிழைப்பு. கூலர் அடைத்தால் சிலிண்டருக்குள் சூடு ஏறும், நாளடைவில் ஹெட் கேஸ்கட் விட்டுவிடும். அறிகுறி என்ன? காலையில் முதல் தடவை இன்ஜின் எழும்போது ஜன்னி கண்டதுபோல ஓர் உதறல். கீழே ஒரு சொட்டு ஒழுகாமலே கூலன்ட் மட்டும் குறையும். அந்த உதறலை "ஹைபிரிட்னா அப்படித்தான்" என்று விட்டவர்கள் இன்ஜினையே இழந்தார்கள். பழைய பிரியஸ் வாங்குகிறவர்கள் பேட்டரியை மணிக்கணக்காகச் சோதிக்கிறார்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஒருதரம் எழுப்பிப் பார்ப்பதில்லை.

இப்போது மலைக்குப் போவோம். தொப்பூர்க் கணவாயில் லாரிகள் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி விபத்தில் சிக்குவதை நான் சொல்லி நீங்கள் கேட்க வேண்டியதில்லை. ஹைபிரிடில் நியூட்ரல் இன்னும் பெரிய முட்டாள்தனம். இறக்கம்தான் இந்த வண்டிக்கு அறுவடைக் காலம். அந்தக் காலத்துக் கவலை ஏற்றத்தைப் பார்த்த பெரியவர்கள் இங்கே இருப்பீர்கள். மாடு சரிவில் இறங்கும்போதுதானே சால் நிறைய நீர் மேலே வரும்? அதேதான். இறங்கும்போது சக்கரம் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் ஜெனரேட்டராகிப் பேட்டரியை நிரப்பும். நியூட்ரலில் போட்டால் மாட்டை அவிழ்த்துவிட்ட மாதிரி.

வத்தல்மலையிலிருந்து இறங்கியவர் ஒருவர் போன் செய்தார். "சார், ஆக்சிலேட்டர்ல காலே வைக்கல. இன்ஜின் தானா அலறுது. கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சா?" பிடிக்கவில்லை. கணக்குப் போடுவோம், மாணவர்கள் நோட்டை எடுங்கள். ஆட்களோடு வண்டி எடை 1400 கிலோ. நூறு மீட்டர் உயரம் இறங்கினால் கிடைக்கும் ஆற்றல் 1400 பெருக்கல் 9.8 பெருக்கல் 100, கிட்டத்தட்ட 13.7 லட்சம் ஜூல். யூனிட்டில் சொன்னால் 0.38. நம் சொம்பின் மொத்தக் கொள்ளளவே 0.76. நூறே மீட்டரில் பாதிச் சொம்பு! ஏற்கெனவே பாதி நிரம்பிய சொம்பு அது. உராய்விலும் காற்றிலும் போவதைக் கழித்தாலும், மலையடிவாரம் வருவதற்கு வெகு முன்பே நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு வருகிற கரண்டை எங்கே கொட்டுவது? அந்தக் கரண்டை வைத்து இன்ஜினைச் சும்மா சுற்றிச் செலவழிக்கிறது வண்டி. ஒரு சொட்டுப் பெட்ரோல் எரியாது. சத்தம் மட்டும் வரும். பிரேக் சூடேறாமல் காப்பாற்றுகிற சத்தம் அது. டொயோட்டா வகை வண்டிகளில் கியர் குமிழில் 'பி' என்று ஓர் இடம் உண்டே, நீண்ட இறக்கத்தில் அதில் போட வேண்டும். பார்க்கிங் 'பி' அல்ல, பிரேக் 'பி'! தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, என்ன செய்ய?

அதே வண்டி சேலத்திலிருந்து தொப்பூர் ஏறும்போது வேறு புகார். "சார், வண்டி கத்துது, ஆனா போகல." கியர் இல்லாத வண்டி, இன்ஜின் தனக்குத் தோதான வேகத்தில் சுற்றிக்கொண்டு கரண்ட் தயாரிக்கிறது. சத்தத்துக்கும் சக்கர வேகத்துக்கும் நேர் உறவு இல்லை. பழகாத காதுக்குக் கிளட்ச் நழுவுகிற மாதிரி இருக்கும். நழுவுவதற்குக் கிளட்ச்சே இல்லை என்று முன்பே சொன்னேனே!

சில்லறைச் சங்கதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயில்: இந்த இன்ஜின்களுக்கு 0 டபிள்யூ 20 போன்ற தண்ணீர் மாதிரி மெல்லிய ஆயில், கடையில் இருக்கிறதே என்று டிராக்டருக்கு ஊற்றும் கெட்டி ஆயிலை ஊற்றாதீர்கள். பிரேக்: மோட்டாரே பாதிப் பிரேக்கைப் பிடித்துவிடுவதால் பேட் தேயாது; தேயாததாலேயே யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை, காலிப்பர் பின் துருப்பிடித்து இறுகிவிடுகிறது. வருஷத்துக்கு ஒருதரம் கழற்றிக் கிரீஸ் வையுங்கள். எலி: நம்மூர் எலிக்கு ஒயர் என்றால் விருந்து.

வெள்ளம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் வண்டிகள் அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் செல்போனில் பார்த்தோம். அரூர்ப் பக்கமும் கொட்டித் தீர்த்தது. தண்ணீரில் நின்ற ஹைபிரிடை "ஓடுதா பார்ப்போம்" என்று பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள். இழுத்துக்கொண்டு போய்ப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள்.

செலவுக் கணக்கிலும் ஒரு வார்த்தை, ஒளிக்காமல் சொல்கிறேன். கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்பது ஆய்வுக்கூடத்துக் கணக்கு. ஊருக்குள் நின்று நின்று போகிறவருக்குத்தான் ஹைபிரிட் உண்மையில் மிச்சம் பிடித்துத் தரும். பெங்களூர் டிராஃபிக்கில் மாட்டிக்கொள்கிற பிள்ளைக்கு நல்லது. தேசிய நெடுஞ்சாலை 44இல் நூறில் விட்டுக்கொண்டு போகிறவருக்குப் பிரேக்கும் இல்லை, அறுவடையும் இல்லை, லாபம் சுருங்கிவிடும். வரியும் ஒரு வேடிக்கை. மின்சாரக் காருக்கு 5 சதவீதம். இந்த அளவு ஹைபிரிடுக்கு 43 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22இலிருந்து 40. பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற வண்டிக்கும் மிச்சமே பிடிக்காத வண்டிக்கும் ஒரே வரி போட்டவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அதற்கு இன்னொரு மேடை வேண்டும்.

கடைசியாக, ஆரஞ்சு ஒயர். பானெட்டைத் திறந்தால் தடித்த ஆரஞ்சு நிற ஒயர்கள் தெரியும். நூற்றுக்கணக்கான வோல்ட் நேர் மின்சாரம். சர்வீஸ் பிளக்கை உருவி, மேனுவல் சொல்கிற பத்து நிமிஷம் காத்திருந்து, ரப்பர்க் கையுறையும் மாட்டிக்கொண்டவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. பயிற்சி இல்லாத தம்பிகள் அந்த வேலையை விட்டுவிடுங்கள். வடிகட்டியும் கூலன்ட்டும் 12 வோல்ட்டும் பிரேக் பின்னும் உங்களுக்குப் போதும். முக்கால்வாசி வண்டி அதிலேயே சரியாகிவிடும்.

நேரம் ஆகிவிட்டது, அமைப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசலில் வேப்ப மரத்தடியில் என் வண்டி நிற்கிறது. பானெட்டைத் திறந்து வைத்திருக்கிறேன், பேட்டரி வடிகட்டியைக் கழற்றி ஒரு பேப்பரில் வைத்திருக்கிறேன். நான்கு மாதமாகச் சுத்தம் செய்யவில்லை, வேண்டுமென்றே. உங்களுக்குக் காட்டுவதற்காக. பின்வரிசை மாணவர்கள் முதலில் வாருங்கள். செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆரஞ்சு ஒயர்ப் பக்கம் கை போகக் கூடாது. இன்வெர்ட்டர் கூலன்ட் டப்பா எது, இன்ஜின் கூலன்ட் டப்பா எது என்று முதலில் சரியாகக் காட்டுகிறவருக்கு ஒரு கரும்புச் சாறு என் செலவில்.